அதாவுல்லா பாய் ரேடியோவில் வந்தார்

அதாவுல்லாவுக்கு இரண்டு கூட்டத்தார்மீது தீராத கோபம். பிற்பகல் இரண்டு மணிக்கு வாலிபால் மேட்ச் வைக்கிற கல்லூரிக்காரர்கள் முதல் கூட்டம். மாட்டுக்கு என்ன தீவனம் வைப்பது, கத்தரிக்குப் புழு விழுந்தால் என்ன மருந்தடிப்பது என்று தினமும் வாய் வலிக்கப் பேசிவிட்டு, அந்தக் கல்லூரிப் பசங்கள் ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ரேடியோக்காரர்கள் அடுத்த கூட்டம். மற்றபடி அவர் யாரிடமும் வம்புக்குப் போகாத மனிதர். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கமாட்டார்.

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் செக்‌ஷனில் அவருக்கு வேலை. அங்கே உலை இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட வேண்டுமென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அப்படிக் கத்திக் கத்தியே அவருக்கு ஒரு தொண்டை அமைந்துவிட்டது. கரகரப்பு கிடையாது, கீச்சும் கிடையாது. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் கடலை விற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். எழுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் கல்லூரியில் நடந்த ஒரு மேட்ச்சுக்கு, மைக்கில் பேசுவதாகச் சொன்ன ஆள் வராமல் போனான். கூட்டத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த அதாவுல்லாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மைக் முன்னால் நிறுத்தினார், அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் பெரியதம்பி. அன்றைக்குப் பிடித்த மைக்கை அவர் விடவில்லை.

கூட்டத்தில் நின்று என்று சொன்னேன். அதைக் கூட்டம் என்று சொன்னால் கூட்டத்துக்கே கோபம் வரும். விடுதிப் பையன்கள் கொஞ்சம் பேர், ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த டிரைவர் ஒருவர், இரண்டு நாய்கள். இத்தனைக்கும் இந்த வட்டாரத்தில் வாலிபாலுக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஊர்த் திருவிழாவில் டியூப் லைட் கட்டி ஆட்டம் வைத்தால் மரத்தின் மேலெல்லாம் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். அதே ஆட்டத்தை, அதைவிட நன்றாக, கல்லூரிப் பையன்கள் பகலில் ஆடினால் பார்க்க நாதியில்லை. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டு மணிக்கு ஓசூரில் எவன் சும்மா இருக்கிறான்? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரன் இன்னும் வெளியே வரவில்லை, செகண்ட் ஷிஃப்ட்காரன் உள்ளே போகிறான், நைட் ஷிஃப்ட்காரன் தூங்குகிறான், ஜெனரல் ஷிஃப்ட்காரன் ஐந்து மணி வரை எங்கும் நகர முடியாது. இதையெல்லாம் யோசிக்காமல் சாப்பிட்ட கையோடு மேட்ச் வைத்துவிட்டு, இந்தக் காலத்தில் ஜனங்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று மேடையில் வருத்தப்படுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அதாவுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பெரியதம்பியின் பின்னாலேயே அலைந்தார். ஆட்டத்தை மூன்றரைக்குத் தள்ளி வையுங்கள், ஆளை நான் கொண்டு வருகிறேன் என்றார். பெரியதம்பி பிரின்சிபாலைக் கேட்க, பிரின்சிபால் வெளியூர் டீம் திரும்பிப் போக பஸ் இருக்குமா என்று கேட்க, இந்தக் கேள்வியிலேயே இரண்டு வருஷம் போனது. கடைசியில் சரி என்றார்கள். உடனே அதாவுல்லா ஃபவுண்டரி பஸ் ஓட்டும் திம்மராயனைப் பிடித்தார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து சூளகிரிப் பக்கம் ஆட்களை இறக்கிவிடப் போகிற பஸ் அது. கல்லூரி வழியில்தான் இருக்கிறது. மேட்ச் அன்றைக்குத் திம்மராயன் கல்லூரி கேட்டில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இறங்கிவிடுவார். ரேடியேட்டர் குளிர்ந்து முடிய ஐந்து செட்டும் ஆகும். பஸ்ஸில் இருந்தவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு மைதானத்துக்குள் வந்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு மேல் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களும் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வந்தால் போதுமா, நிற்க வேண்டாமா? அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். எதிர்ப்பக்கம் ஜெயித்தால் சர்வீஸ் மாறும், அவ்வளவுதான். ஸ்கோர் எழுதுவதோ வகுப்பறையிலிருந்து தூக்கிவந்த ஒரு கரும்பலகையில். முன்வரிசையில் இருப்பவனுக்கு மட்டும்தான் அது தெரியும். எத்தனைக்கு எத்தனை, யார் சர்வீஸ் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இல்லாவிட்டால் பின்னால் நிற்பவனுக்கு வலைக்கு மேலே பந்து போய்வருவது மட்டும்தான் தெரியும். அதாவுல்லா சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவும் தமிழில் மட்டும் சொன்னால் இங்கே எப்படி? வேப்பனப்பள்ளி, பேரிகைப் பக்கத்து ஆட்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தளி, அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கன்னடம். அவர் மூன்றிலும் சொன்னார்.

அப்படியே ஒரு பழக்கம் உண்டானது. யார் திட்டம் போட்டார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை. தெலுங்குக்காரர்கள் கிழக்குப் பக்கம் நிற்பார்கள், கன்னடக்காரர்கள் மேற்கே, தமிழ் பேசுகிறவர்கள் தெற்கே பஸ் நிற்கும் பக்கம். நம் பையன் அடிக்க எழும்பும்போது அதாவுல்லா மைக்கில் “அடி” என்பார். தெற்கே அதை வாங்கிக்கொண்டு “அடி” என்று கத்துவார்கள். கிழக்கே “கொட்டு” என்பார்கள். மேற்கே “ஹொடி” என்பார்கள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மைதானத்தைச் சுற்றி வரும். மூன்றாவது பக்கம் கத்தி முடிக்கவும் பந்து தரையில் விழவும் சரியாக இருக்கும். ஆட வருகிற வெளியூர்ப் பையன்களுக்கு இதைக் கேட்டாலே கால் தடுமாறும். வேப்பனப்பள்ளிப் பையன் சென்னகிருஷ்ணன் என்று ஒருவன் அந்த டீமில் இருந்தான். கிழக்குப் பக்கத்திலிருந்து “கொட்டு” என்று வந்தால்தான் தன் கை முழுசாக நீளும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

இப்படிக் கூட்டம் சேர்த்தாயிற்று. பாக்கி ரேடியோ.

மைதானத்தில் நடப்பது எதுவும் அதாவுல்லாவின் மனைவி பேகத்துக்குத் தெரியாது. அங்கே பெண்கள் போவதில்லை. போனாலும் நிற்க இடமில்லை. வாரத்தில் கிடைக்கிற ஒரு லீவு நாளையும், ஷிஃப்ட் முடிந்து வருகிற சாயங்காலங்களையும் இந்த மனிதர் மைதானத்தில் கொட்டிவிட்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து வெந்நீர் கேட்பார். பேகம் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். கோபமும் படுவாள். அப்படி ஒருநாள் கோபத்தில்தான் கேட்டாள்.

“ஊரே உங்க பேச்சைக் கேக்குதுன்றாங்க. நான் ஒருநாளாச்சும் கேட்டிருக்கனா? அங்க என்னாதான் பண்றீங்க, எனக்குத் தெரிய வேணாமா?”

“ரேடியோவுல வரும்போது கேளு” என்றார் அதாவுல்லா.

வாய் தவறிச் சொன்னதுதான். ஆனால் சொன்னபிறகு அது அவரை விடவில்லை. ஒரே ஒருமுறை ரேடியோவில் வர வேண்டும். இங்கே இப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது, இவ்வளவு ஜனம் நிற்கிறது, மூன்று பக்கமும் இப்படிக் கத்துகிறது, அதை ஒருத்தன் நடத்துகிறான் என்று வெளியே தெரிய வேண்டும். பேகம் அதை வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதற்குமேல் அவர் எதற்கும் ஆசைப்படவில்லை. பெரியதம்பியைப் பார்க்கும்போதெல்லாம் ரேடியோ என்ன ஆச்சு சார் என்பார். பெரியதம்பியும் நிலையத்துக்கு எழுதினார், ஆள் விட்டுச் சொன்னார், நேரில் இரண்டு தடவை பஸ் ஏறிப்போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டும் வந்தார். கல்லூரி வாலிபாலா, அதற்கு யார் வருகிறார்கள் என்று அங்கே சிரித்தார்களாம். ஒரு ரசிகர்கூட இல்லாத ஆட்டத்தை ஒலிபரப்பி என்ன செய்வது என்றார்களாம். அதைக் கேட்டு அன்றைக்கு அதாவுல்லா சாப்பிடவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் நம் கல்லூரி மண்டல இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே சேலம் பக்கத்துக் கல்லூரி. ஆட்டம் நம் மைதானத்தில். நிலையத்தில் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு நிகழ்ச்சி அதிகாரி, சரி, பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை காலை விளையாட்டு நிகழ்ச்சியில் போடலாம் என்று சொல்லிவிட்டார். பெரியதம்பி ஃபவுண்டரி கேட்டுக்கே வந்துவிட்டார், ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து. அதாவுல்லா அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். இன்னும் பாதி விஷயம் பாக்கி இருப்பது அப்போது அவருக்குப் புரியவில்லை.

டீக்கடையில் உட்கார வைத்துப் பெரியதம்பி மெல்லச் சொன்னார். அவர்களுக்குக் கூட்டம் வேண்டுமாம், கூட்டத்தின் சத்தம் இல்லாமல் ஆட்டம் எடுபடாதாம். ஆனால் குழாய் ஸ்பீக்கர் கூடாது. அந்தச் சத்தம் அவர்கள் மைக்கில் விழுந்தால் பதிவு கெட்டுவிடும். வர்ணனைக்கு அவர்களுடைய ஆளே வருவார். தேர்த் திருவிழா, குடியரசு தினம் எல்லாம் வர்ணித்த குரல். தமிழ் நிகழ்ச்சி என்பதால் தமிழ் மட்டும்தான்.

“அப்ப நான் என்னா சார் பண்றது?” என்று கேட்டார் அதாவுல்லா.

“நீங்க கூட்டத்தைக் கொண்டாரணும் பாய். உங்களை விட்டா யாராலயும் ஆவாது.”

“கொண்டாந்துட்டு?”

பெரியதம்பி டீயைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு ஒருநாள் மட்டும் மைக்கைத் தொடாமல் இருக்க வேண்டும் என்றார்.

கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் அழைத்துவிட்டு மாப்பிள்ளை மட்டும் வீட்டில் இருங்கள் என்றால் எப்படி இருக்கும்? அதாவுல்லாவுக்கு வந்த கோபத்தில் டீ கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பெரியதம்பி இருக்கிற திசையில் போகவில்லை. ஃபவுண்டரியில் அச்சு மணலை இடிக்கிற இடியில் கோபத்தைத் தீர்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் தானாகவே கல்லூரிக்குப் போனார். வேறு வழியில்லை. அவர் மாட்டேன் என்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் ரேடியோ இல்லை. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே, அங்கே ஒருவரும் வருவதில்லை என்று அவர்கள் இன்னும் ஒருமுறை சிரிப்பார்கள். அதற்கு மைக்கைத் தொடாமல் இருப்பது மேல் என்று முடிவு செய்தார். தன் குரல் வராவிட்டால் போகட்டும், தன் கூட்டத்தின் குரல் வருமில்லையா? இதைப் பேகத்திடமும் சொன்னார். நீங்கள் பேசாத ரேடியோவை நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

மேட்ச் அன்றைக்குக் கூட்டம் வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்! திம்மராயன் பஸ்ஸோடு வேறு இரண்டு கம்பெனி பஸ்களும் வந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றின. வேப்பனப்பள்ளியிலிருந்து மாங்காய் லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கல்லூரிச் சுவர்மேல் இடம் கிடைக்காமல் சண்டை நடந்தது. ஷாமியானாவுக்குக் கீழே மேஜை போட்டு ரேடியோக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெரியதம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதாவுல்லா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெற்குப் பக்கம் நின்றிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. வர்ணனையாளர் நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பேசுவது பெட்டிக்குள் போகிறதே தவிர வெளியே நிற்கிறவனுக்குக் கேட்கவில்லை. முதல் செட் பாதியிலேயே பின்வரிசைக்காரர்களுக்கு ஆட்டம் கை நழுவிவிட்டது. எத்தனைக்கு எத்தனை என்று முன்னால் நிற்பவனைக் கேட்டார்கள். அவன் அதற்கும் முன்னால் நிற்பவனைக் கேட்டான். பதில் திரும்பி வருவதற்குள் சர்வீஸ் மாறியிருந்தது. பாய் ஏன் பேசவில்லை, மைக் ரிப்பேரா என்று மூன்று பாஷையிலும் கேள்வி எழுந்தது. சிலர் அதாவுல்லாவிடமே வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ரேடியோ எடுக்கிறார்கள், நீங்களே கத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார். கத்தினார்கள். ஒருவன் கத்தும்போது இன்னொருவன் சும்மா இருந்தான். “ஹொடி” முதலில் வந்தது, “அடி” பந்து விழுந்தபிறகு வந்தது. நம் பையன்கள் முதல் செட்டைக் கோட்டை விட்டார்கள். அடுத்ததை எப்படியோ தட்டுத்தடுமாறி எடுத்து, மூன்றாவதையும் பறிகொடுத்தார்கள். சுவர்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்து வெளியே போக ஆரம்பித்தார்கள். ஒரு பஸ் கிளம்பியேவிட்டது.

கூட்டம் கரைவதை அதிகாரியும் பார்த்தார். என்ன சார், சத்தமே இல்லையே, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரியதம்பியிடம் சலித்துக்கொண்டார். பெரியதம்பி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்.

“பாய், மைக்கு வேணாம். வெறும் வாயால ஏதாச்சும் பண்ணுங்க. போயிடுவாங்க போலிருக்குது.”

அதாவுல்லா அவரை ஒருமுறை பார்த்தார்.  பக்கத்தில் கிடந்த பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி நின்றார். உலைக்கு முன்னால் கத்துகிற அந்தத் தொண்டையைத் திறந்து, ஸ்கோரை மூன்று பாஷையிலும் சொன்னார். கேட்டுக்கு வெளியே போயிருந்தவர்கள் நின்றார்கள். சென்னகிருஷ்ணன் தலையைத் திருப்பி ஒரு சிரிப்புச் சிரித்தான். பந்து மேலே போனது. அதாவுல்லா கையை உயர்த்தி “அடி” என்றார். தெற்கும் கிழக்கும் மேற்கும் வரிசையாக வாங்கிக்கொண்டு சுற்றி வந்தன. பந்து விழுந்த இடத்தில் புழுதி எழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த மைதானத்தில் நின்றவர்கள் இன்னும் பேசுவார்கள். நான்காவது செட் நமக்கு. ஐந்தாவது தொடங்கும்போது ஜெனரல் ஷிஃப்ட் சைக்கிள்கள் வந்து குவிந்தன. சேலத்துப் பையன்கள் முதலில் மேலே போனார்கள், நாம் எட்டிப் பிடித்தோம், பதினான்குக்குப் பதினான்கு ஆனது, சர்வீஸ் மாறி மாறி இழுத்தது. கடைசிப் பந்தைக் கல்லாவிப் பையன் ஆஞ்சப்பன் தூக்கிக் கொடுக்க, சென்னகிருஷ்ணன் எழும்ப, மூன்று பக்கமும் ஒரு சுற்று முடிய, முடிந்தது. அதாவுல்லாவைப் பெஞ்சோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். தொண்டையில் காற்றுதான் வந்தது. அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடமே வந்து, நீங்கள் இல்லையென்றால் இன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம்தான், சத்தம் அருமையாகப் பதிவாகியிருக்கிறது என்றார். பெயர் என்ன என்றும் கேட்டார். அதாவுல்லா இரண்டு தடவை சொன்னார், சரியாகக் கேட்டிருக்க வேண்டுமே என்று.

அந்த வாரம் முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. குரல் பதிவாகிவிட்டது, பெயரும் கேட்டிருக்கிறார்கள். பேகத்திடம் சொன்னபோது அவளும் இந்தத் தடவை வெட்டிப் பேசவில்லை. எந்தச் சேலையைக் கட்டிக்கொள்வது என்று யோசித்தாள், ரேடியோவில் தன்னைப் பார்க்கப்போகிறார்கள் போல. சிக்கல் ஒன்றுதான். மூக்கண்டப்பள்ளியில் ரேடியோவைத் திருகினால் பெங்களூர்தான் கணீரென்று விழும். அந்தத் தமிழ் நிலையத்தைப் பிடிக்கப்போனால் கொரகொரவென்று இரைச்சலோடு கன்னடப் பாட்டும் கலந்து வரும். ஃபவுண்டரியில் எவர் வீட்டிலும் அது கேட்காது. கிழக்கே போகப் போகத்தான் தெளியும். பேகத்தின் அண்ணன் நூர் முகமது ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே அந்த நிலையம் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் இருவரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூர் முகமதின் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மச்சான் குரல் வருகிறது என்று நூர் முகமது கடைப் பையன்களைக்கூட அழைத்துவிட்டிருந்தார். நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் கிரிக்கெட். எங்கேயோ எவரோ ஆடிய கிரிக்கெட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அதாவுல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வாலிபால் வந்தது. வர்ணனையாளர் தேர்த் திருவிழாவுக்கு உரிய கம்பீரத்தோடு தொடங்கினார். மேகங்களைச் சொன்னார், மலையைச் சொன்னார், வீரர்களின் சீருடை நிறத்தைச் சொன்னார். கூட்டம் இருந்தது, பின்னால் கசகசவென்று. பேகம் அதாவுல்லாவைப் பார்த்தாள். இனிமேல்தான் என்று அவர் கையைக் காட்டினார்.

நான்காவது செட் வந்தது. ரேடியோவுக்குள்ளிருந்து, தூரத்தில், அவர் குரல். “அடி.” உடனே தெற்கு. உடனே கிழக்கு. மேற்கு சுற்றி முடிப்பதற்குள் வர்ணனையாளர் குறுக்கே வந்தார்.

“நேயர்களே, கூட்டத்தில் ஒருவர் பெஞ்சின் மீது ஏறி நின்றுகொண்டு, தொடர்ந்து கூச்சலிட்டு ஆட்டத்துக்கு இடையூறு செய்துகொண்டிருக்கிறார். என்றாலும் நம் வீரர்கள் மனம் தளராமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.”

யாரோ ஒரு குமிழைத் திருகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கூட்டத்தின் சத்தம் கிணற்றுக்குள் போய்விட்டது. மூன்று பக்கமும் இல்லை, மூன்று பாஷையும் இல்லை. வர்ணனையாளர் மட்டும் பேசிக்கொண்டே போனார். ஐந்தாவது செட் பதினொன்றுக்குப் பன்னிரண்டு என்று இருக்கும்போது, நிகழ்ச்சிக்கான நேரம் முடிவடைகிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. சங்கீதம் போட்டார்கள்.

 கடைப் பையன்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். நூர் முகமது ரேடியோவை நிறுத்திவிட்டு, சாப்பிடலாமா மச்சான் என்றார்.

“அது யாரைங்க சொன்னான்?” என்று கேட்டாள் பேகம்.

“எவனோ ஒருத்தன். கூட்டத்துல ஆயிரம் பேரு இருப்பான்.”

“உங்க தொண்டை எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள்.

அதாவுல்லா எழுந்து சாப்பிடப் போனார். சாப்பிட்டார் என்று பெயர். மைக்கைத் தொடாதே என்றார்கள், தொடவில்லை. கூட்டத்தைக் கொண்டு வா என்றார்கள், கொண்டுவந்தார். வெறும் வாயால் கத்து என்றார்கள், கத்தினார். கையைப் பிடித்துப் பெயர் கேட்டார்கள். அதெல்லாம் போகட்டும், அந்த மூன்றாவது பக்கத்தையாவது கத்தி முடிக்க விட்டிருக்கலாமே என்றுதான் அவருக்கு மனசு ஆறவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பெரியதம்பி என்ன செய்வார், பாவம். அந்தக் குரல்காரனுக்கு இவர் யார் என்றே தெரியாது. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள்கூட அகப்படவில்லை, அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

மத்தியானம் ஓசூர் பஸ் ஏறினார்கள். முகூர்த்த நாள், பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் பேகம், பக்கத்தில் அவர். ஊத்தங்கரை தாண்டியது. பிறகு பேகம்தான் ஆரம்பித்தாள்.

“பாதியில நிறுத்திட்டானே, கடேசியில என்னாங்க ஆச்சு?”

“நம்ம பசங்கதான் ஜெயிச்சாங்க.”

“அது தெரியும், நீங்க அன்னிக்கே சொன்னீங்க. எப்பிடி ஜெயிச்சாங்க?” அவள் சற்று அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “மைக்குல எப்பிடிச் சொல்லுவீங்களோ அப்பிடியே சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

அதாவுல்லா வாயைத் திறந்தார். பதினான்குக்குப் பதினான்கு. சர்வீஸ் நம் பக்கம். ஆஞ்சப்பன் கையில் பந்து, வலைக்கு இடது பக்கம் சென்னகிருஷ்ணன். எல்லாம் அங்கேயே இருந்தது, தொண்டை வரை வந்தும்விட்டது. எதிர் சீட்டில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இடுக்கில் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். அதாவுல்லா எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“வேணாம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “ஜனங்க இருக்காங்க. இடையூறா இருக்கும்.”